ரெண்டும் நானே பண்றேன்

அமெரிக்கா
11 மே 2025

அன்பு மச்சான் ஏனோக்குக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் காகிதம்.

புரொபஷனல் பேஸ்பால் நாய்ப் பிழைப்பு, மச்சான். பந்து வீசுகிறவன் மறுநாள் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். அடிக்கிறவனுக்கோ தினமும் ஆட்டம். எனக்கு இரண்டு வேலையும். எரிகிற தோளோடு மட்டையைத் தூக்குகிறேன். பந்து போன பிறகுதான் சுழற்றுகிறேன். பிட்ச்சிங் பயிற்சியும் பேட்டிங் பயிற்சியும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். எதற்குப் போனாலும் இன்னொரு கோச் திட்டுகிறான். எல்லோரும் சூரியகாந்தி விதை மென்று துப்பித் துப்பி வைத்த பெஞ்சில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

உன் வளைகிற பந்துக்கு விரலை எங்கே வைப்பாய்? வரைந்து அனுப்பேன்.

அன்பு மாறாத,
லாய்ட்

மைசூர் மைன்ஸ்
கோலார் தங்க வயல்
2 ஜூன் 2025

லாய்ட்டுக்கு,

நீ சுகமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டாகிவிட்டது.

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலில் நின்றபடி படித்தேன். செலக்‌ஷனில் வீச ஒருவன், அடிக்க ஒருவன் என்று இரண்டு பேரைத்தானே அந்த அமெரிக்க டீம்காரர்கள் கேட்டார்கள்? வீசுவது நான், அடிப்பது நீ என்றுதானே சேர்ந்து போனோம்? "அவன் இன்னாத்துக்கு சார், ரெண்டும் நானே பண்றேன்" என்று நீ சொன்னபோது, உன் முதுகுக்குப் பின்னால்தான் கிளவுஸோடு நின்றேன்.

மைன்ஸில் அடுத்தவன் ஷிப்டையும் பிடுங்குகிறவனோடு டீகூடக் குடிக்கமாட்டேன் என்பார் அப்பா. என் இடத்தைத் தின்றாய். இப்போது விரலையும் கேட்கிறாய். தூ!

ஏனோக்

அமெரிக்கா
20 ஜூலை 2025

மச்சான்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் முழங்கை போய்விட்டது. இனி பந்தைத் தொடாதே, அடிக்க மட்டும் வா என்று சொல்லிவிட்டார்கள். பிட்ச்சர் இடம் காலி. உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நீ வீசுவதை வீடியோ எடுத்து அனுப்பு. பிடித்தால் டிக்கெட் அனுப்புவார்கள். நான் கெடுத்ததை நானே சரி செய்கிறேன். வந்துவிடு, மச்சான்.

உன் லாய்ட்

மைசூர் மைன்ஸ்
10 ஆகஸ்ட் 2025

லாய்ட்டுக்கு,

முழங்கை போகும்வரை என் பெயர் உனக்கு ஞாபகம் வரவில்லை. இருக்கட்டும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். பொய் சொல்லமாட்டேன். உன் கடிதம் வந்த அன்றே தங்கச்சி ஸ்வீட்டியை கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் வீடியோ எடுத்தேன். பந்து நன்றாகவே வளைந்தது. அனுப்பப் போய், அழித்துவிட்டேன்.

அங்கே வந்தால் நான் வீசுவேன், நீ அடிப்பாய். நீ அடித்து டீமை ஜெயிக்க வைக்கிற அன்று மற்றவர்களோடு நானும் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும். நினைத்தாலே குமட்டுகிறது.

இனி எழுதாதே. கடிதம் வந்தால் பிரிக்காமல் தபால்காரரிடமே கொடுத்துவிடுவேன்.

ஏனோக்