பச்சை வீட்டில் சோழவந்தான் கொடி

12-10-1958, ஞாயிறு
ராமலெட்சுமி பிறந்த ஊரான சோழவந்தானிலிருந்து திரும்பிவிட்டாள். கையில் மூன்று வெற்றிலைக் கொடித் துண்டுகள். அவள் அம்மா காலமான பிறகு அண்ணன், வீட்டையும் வெற்றிலை பயிரிட்ட கொடிக்காலையும் விற்றுவிட்டாராம். இனிக் கேட்டாலும் கிடைக்காது. இதற்கு முன் இரண்டு முறை கொண்டுவந்து வைத்தாள். இரண்டு முறையும் வாடைக்காற்று கடல் உப்பை வாரிவந்து கருக்கிவிட்டது. மறைப்புக் கட்டுகிறேன் என்று சொன்னவன் நான்தான். கட்டாதவனும் நான்தான்.

"இதுவும் போச்சுன்னா, அங்கன இருந்து எனக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

15-10-1958
கிராம சேவக் எப்போதோ கொடுத்த விவசாயப் புத்தகம் குதிருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உருவி எடுத்தேன். குளிர் தேசங்களில் கண்ணாடியால் கொட்டகை கட்டி அதற்குள் செடி வளர்க்கிறார்கள். பெயர் 'பச்சை வீடு'. பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மீதியை என் மூளையால் சமாளிக்கலாம்.

19-10-1958
கீழக்கரையில் படங்களுக்குச் சட்டம் போடும் சதக்கத்துல்லாவிடம் போனேன். இருபது வருடச் சிநேகிதர். கீறல் விழுந்தது, மூலை உடைந்தது என்று நாற்பது கண்ணாடிகள் கொடுத்தார். "எதுக்கு மாப்ளே இத்தன?" என்றார். கட்டிவிட்டுக் காட்டலாம் என்று விவரம் சொல்லவில்லை.

26-10-1958
முடிந்தது. குனிந்து நுழைய வேண்டும், அவ்வளவுதான். பச்சை வீடு பச்சையாக இருக்க வேண்டாமா? போன பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்த பெயிண்ட் மிச்சம் இருந்தது. கண்ணாடி முழுக்க இரண்டு பூச்சு.

"உள்ள இருட்டா இருக்கே?" என்றாள்.

"அதுதான் முறை" என்றேன். எவ்வளவு தைரியம் எனக்கு.

3-11-1958
கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. அவள் பிறந்த வீட்டு வழக்கம். மூன்று கொடி நின்றாலும் கொடிக்கால் கொடிக்கால்தானாம். ஆகவே வாசலில் செருப்புகள். இருட்டு என்பதால் உள்ளே ஒரு விளக்கு.

20-11-1958, வியாழன்
ஏர்வாடி தர்காவுக்குப் போகும் பாதை எங்கள் கொல்லையை ஒட்டித்தான் போகிறது. சாயங்காலம் ஒரு கூண்டு வண்டி நின்றது. ஒரு அம்மாள் இறங்கி, செருப்பைக் கழற்றி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் கையேந்தி நிற்கிறார். பச்சை நிறம், உள்ளே விளக்கு, வெளியே செருப்பு. தர்கா என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்?

"இங்கன அடங்கியிருக்கிறது யாருங்கய்யா?"

"வெத்தலக்கொடிம்மா."

"வெத்தலக்கொடி பாவாவா?" என்று கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது.

27-11-1958, வியாழன்
ஐந்து வண்டிகள். சாம்பிராணி, சர்க்கரை, கதவில் நூல். நான் மறுக்க மறுக்க, பாவா தன்னடக்கமானவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். யாரோ நேர்ந்து விட்ட சேவல் ஒன்று உள்ளே புகுந்து ஒரு கொடியை வேரோடு கிளறிப் போட்டுவிட்டது. மற்ற இரண்டும் வெளுத்துக்கொண்டே வருகின்றன.

28-11-1958
சாப்பாடு வந்தது. பேச்சு வரவில்லை.

30-11-1958, ஞாயிறு
என் கொல்லையில் புதிதாக ஒரு பாவா வந்திருப்பதைக் கீழக்கரையில் கேள்விப்பட்டு சதக்கத்துல்லாவே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ளே, பச்சைங்கிறது உள்ள இருக்கிற எலைக்கி. கண்ணாடிக்கி இல்ல. வெளிச்சம் உள்ள போகத்தானய்யா கண்ணாடி?"

நாற்பது வயதில் எனக்கு இது தெரியவில்லை. ராமலெட்சுமி பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சனம் நம்பி வருது. இல்லாத பெரியவர்கிட்ட அழுதுட்டுப் போக விடுறது அவுகளுக்கும் நல்லதில்ல, நமக்கும் நல்லதில்ல."

மண்ணெண்ணெய், பழைய துணி, அரிவாள் முனை. மூவருமாகப் பொழுது சாயும் வரை பெயிண்டைச் சுரண்டினோம். பாதையில் வந்த வண்டிகளுக்குச் சதக்கத்துல்லாவே விவரம் சொன்னார். அவர் சொன்னால் நம்புகிறார்கள். என் கொல்லையைப் பற்றி நான் சொன்னால் மட்டும் நம்புவதில்லை.

11-12-1958
வாடை பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. கண்ணாடியில் உப்பு படிகிறது. காலையும் மாலையும் துடைக்கிறேன். ஒரு கொடி அழுகிவிட்டது. ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பயமாக இருக்கிறது.

18-1-1959
துளிர். சுண்டுவிரல் நகம் அளவு. அவளைக் கூப்பிட ஓடினேன். அவள் விடியலிலேயே பார்த்துவிட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை. "நீங்களா பாக்கட்டும்னுதான்" என்றாள். ஐம்பது நாளில் இதுதான் நீளமான பேச்சு.

12-4-1959, ஞாயிறு
கொடி கூரையைத் தொட்டுவிட்டது. மத்தியானம் சோழவந்தான் மைத்துனர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். கொடிக்காலை வாங்கியவர் எல்லாவற்றையும் உழுது வாழை வைத்துவிட்டாராம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வச்ச கொடி உங்கிட்ட இருக்குன்னாக. ஒரு துண்டு கெடைக்குமா தாயி?" என்று கேட்டார்.

இவள் நன்றாக நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அண்ணனைக் கொட்டகைக்குள் கூட்டிப் போனாள். இருவரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன, கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொடித் துண்டு.

இவள் என்னிடம் வந்து, "அண்ணன் அம்மா வீட்டுக்கு வந்திருக்கு. வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது. எலை அறுத்துட்டு வாங்க" என்றாள்.

வாழையிலை அறுக்கப் போனேன்.