பெறுபவர்: நானேதான்

பிப்ரவரி 19, 2025, புதன். ராஜபாளையம்

மம்சாபுரம் சாலையில் அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த இடத்தை விற்றாகிவிட்டது. வரியெல்லாம் போக முப்பத்தெட்டு லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியில் என் கணக்கில் நிற்கிறது. அதை அயர்லாந்தில், வாட்டர்ஃபோர்டில் இருக்கும் என் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்புபவர் நான், பெறுபவர் நான். இதில் என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி காலை பத்தரை மணி பஸ்ஸில் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தது வேறொருத்தி.

மேலாளர் ஜெபக்குமார் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், நீங்க வெளிநாட்டுல இருக்கறதா எங்க ரெக்கார்டுல இல்லையே."

"பதினாலு வருஷமா இருக்கேன் சார்."

"எங்க ரெக்கார்டுபடி நீங்க இங்கதான் இருக்கீங்க."

ஊரை விட்டுப் போகும்போது பால்காரருக்குச் சொன்னேன், நூலகருக்குச் சொன்னேன், ஆறு கோயில்களில் சொன்னேன். வங்கிக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆகவே முதலில் இதை வெளிநாட்டில் வாழ்பவரின் கணக்காக மாற்ற வேண்டும். தம்பி பாண்டிதுரையும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு இது. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நினைவுக்காக எழுதிவைக்கிறேன். வாட்டர்ஃபோர்டில் நான் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கிறார். முதல் வாய்ப்பு எனக்கு. ஏப்ரல் 15க்குள் முன்பணம் நாற்பதாயிரம் யூரோ கட்டவில்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். இன்று ஒரு யூரோ 91 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 95 வரை என் முப்பத்தெட்டு லட்சம் தாங்கும். அதற்கு மேல் போனால், நாற்பத்தாறு வயதில், எட்டாவது வாடகை வீடு.

பிப்ரவரி 21, வெள்ளி

தம்பி போலீஸில் ஏட்டு. இன்று அவனுக்கு ஓய்வு நாள். காபி குடித்துக்கொண்டிருந்தவனிடம் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"யக்கா, இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"தெரியும்."

"வெள்ளி செவ்வா பணம் வீட்ட விட்டு வெளிய போகப்படாது. அய்யா இருந்த வரைக்கும் அன்னைக்குப் பெட்டியத் தொறந்திருக்காரா?"

"இது பணம் இல்லடா. பணம் போறதுக்கு முன்னால கணக்க மாத்துறதுக்கு ஒரு தாளு."

"எம்புட்டுச் சுத்திச் சொன்னாலும் போறது போறதுதானக்கா."

வழக்குகளை இவ்வளவு கூர்மையாகப் பார்த்திருந்தால் இந்நேரம் இன்ஸ்பெக்டர் ஆகியிருப்பான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சனிக்கிழமை வங்கி விடுமுறை. நேற்று அவனுக்கு பந்தோபஸ்து. இன்று செவ்வாய். நாளை சிவராத்திரி, மறுபடி பந்தோபஸ்து.

பிப்ரவரி 27, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டான். போடுவதற்கு முன் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கணக்கு மாறப் பத்து வேலை நாளாகும் என்கிறார் ஜெபக்குமார். உலகம் முழுவதும் பணம் ஒரு நொடியில் பயணம் செய்வதாக அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு விளம்பரம் தொங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

யூரோ 94. எதிர் வீட்டுப் பால்ச்சாமி அண்ணாச்சி ஓய்வுபெற்ற சுபேதார். வாசல் கேட்டில் வருடம் முழுக்கத் தேசியக்கொடி. தியேட்டரில் யாராவது உட்கார்ந்தபடி தேசியகீதம் கேட்டால் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். இன்று காலை கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஜோதி, பாத்தியா? நம்ம ரூவா விழுந்துட்டு! எம் மவன் மாரிசெல்வம் ஜெர்மனியிலருந்து இன்னிக்கே அனுப்புதான். இன்னும் விழும்ங்காவ!"

கையில் மைசூர்பாகு டப்பா.

இந்தத் தெருவில் ரூபாய் உயர வேண்டும் என்று விரும்பும் ஒரே குடிமகள் நான். என்னைத்தான் நாட்டுப் பணத்தைக் கடல் கடத்துகிறவள் என்று பேசிக்கொள்கிறார்கள். மைசூர்பாகு நன்றாக இருந்தது. இரண்டு தின்றேன். அதுவும் கோபம்.

மார்ச் 11, செவ்வாய்

95-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு கையெழுத்து. ஒரு கிறுக்கல். அத அன்னைக்கே போட்டுத் தொலச்சிருந்தா என்ன? கெழம பாக்கானாம் கெழம! ஐரோப்பாவில் இருக்கிற வங்கிக்காரனுக்கு ராஜபாளையத்து வெள்ளிக்கிழமை தெரியுமா? என் வீடு, என் காசு, என் பேரு — நடுவுல இவன் யாரு?

ராத்திரி சாப்பிடவில்லை. தம்பி மகள் பானுப்பிரியா தட்டோடு இரண்டு தடவை வந்து நின்றாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை.

மார்ச் 14, வெள்ளி

கணக்கு மாறிவிட்டது. இனி அனுப்புவதற்கான படிவம். பெறுபவருக்கும் அனுப்புபவருக்கும் என்ன உறவு? "நானேதான்" என்று எழுதினேன். ஜெபக்குமார் தயங்கினார். பெறுபவர் அனுப்புபவருக்கு நன்கு தெரிந்தவரா? நாற்பத்தாறு வருடப் பழக்கம். ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 19, புதன்

கைபேசியில் 94.60. வங்கிப் பலகையில் 96.10. ஏன் என்று கேட்டேன்.

"அது மார்க்கெட் ரேட்டு மேடம். இது நம்ம ரேட்டு."

ஒரு யூரோவுக்கு ஒன்றரை ரூபாய். நாற்பதாயிரத்துக்கு அறுபதாயிரம் ரூபாய். ஒரு பொத்தானை அழுத்தும் கூலி. அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்கூட கையுறை மாட்டிய பிறகுதான் இவ்வளவு கேட்கிறார். அங்கேயே உட்கார்ந்து மேலிடத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். வேறு வங்கி தந்த விலையை இணைத்தேன். "நகல்: ரிசர்வ் வங்கி" என்று அடியில் போட்டேன். அந்தக் கடைசி வரிதான் படிக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

ஒன்றரை ரூபாய் அறுபது காசாக இறங்கியது! சந்தை விலைக்கு மேல் அறுபது காசு, எனக்கு மட்டும். ஜெபக்குமார் கதவு வரை வந்து வழியனுப்பினார். யூரோவும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. படித்தவள் என்றால் சும்மாவா?

மார்ச் 27, வியாழன்

பணம் அனுப்ப வங்கி கேட்ட, தளவாய்புரத்து ஆடிட்டர் விஜயபாண்டியின் வரிச் சான்றிதழ் வந்துவிட்டது. எல்லாம் தயார். சந்தையில் 92.40, எனக்கு 93. என் பணத்துக்கு நாற்பதாயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ கிடைக்கும். தம்பி லீவு போட்டுக் கூடவே வந்து கையெழுத்துப் போட்டான். ஜெபக்குமார் விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் கைபேசியில் யூரோ விலை வரைபடத்தைக் காட்டி, பொறுக்கலாம் என்றேன். எட்டு நாளில் இரண்டு ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கிறது. திங்கள், செவ்வாய்க்குள் 91 வரும். இன்னும் எழுநூறு, எண்ணூறு யூரோ கூடும். ஒரு வாஷிங் மெஷின்.

"யக்கா, வியாழக்கெழம, நல்ல நாளு. கேட்டது கெடச்சிருச்சு. இன்னிக்கே போட்டு விட்ரு."

"நாளப் பாத்து நடக்குறதுக்கு இது வளைகாப்பு இல்லடா. நம்பரப் பாத்து நடக்குறது."

ஜெபக்குமார் முன்னாலேயே சொன்னேன். தம்பி எழுந்து நின்று, "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும்" என்றான். மூடநம்பிக்கையை மறுத்து நான் ஆற்றிய உரை பஸ்ஸில் ராஜபாளையம் வரை நீடித்தது.

மார்ச் 30, ஞாயிறு

திங்கள் ரம்ஜான். செவ்வாய் வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. நான் காலண்டரைப் பார்க்கவில்லை. வரைபடத்தைத்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அமெரிக்கா நேற்று உலகத்துக்கே இறக்குமதி வரி போட்டுவிட்டது. யூரோ எகிறுகிறது. முதல் பஸ்ஸில் ஓடினேன். எனக்கு 94.90. நாற்பதாயிரத்து நாற்பத்திரண்டு யூரோ. போதும்! வாஷிங் மெஷின் வேண்டாம், ஆற்றில் துவைக்கிறேன், அனுப்புங்கள் என்றேன்.

"மேடம், சான்றிதழ் போன நிதியாண்டுல வாங்கினது. இப்போ புது வருஷம். புதுசு வேணும்."

"ஏழு நாளுதான் சார் ஆச்சு!"

"ஏழு நாளு. ஆனா போன வருஷம்."

இவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். போன வியாழக்கிழமை இந்த ஆளின் விரல் பொத்தான்மேல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

புதுச் சான்றிதழ் மூன்றே முக்காலுக்கு வந்தது. அந்நிய நாட்டுப் பணம் அனுப்பும் நேரம் மூன்றோடு முடிகிறது. விலை 96.10. நானூற்று ஐம்பத்தெட்டு யூரோ குறைகிறது. நாளை மகாவீர் ஜெயந்தி. பிறகு வெள்ளி. பிறகு இரண்டாம் சனி, ஞாயிறு, சித்திரை ஒன்று. பதினைந்தாம் தேதிக்குள் மிச்சமிருப்பது ஒரே ஒரு நாள்.

வெள்ளிக்கிழமை.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை ஆறு மணிக்கே பார்த்தேன். சந்தை 97.60. எனக்கு 98.20. நாற்பதாயிரத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் குறைகிறது. அயர்லாந்தில் இருந்த சேமிப்பெல்லாம் பத்திரச் செலவுக்கு ஏற்கெனவே வக்கீலிடம் போய்விட்டது. கடன் கேட்க யாருமில்லை என்றில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

அடுப்படியில் பானுவிடம் தொகையை மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அவள் நேரே அப்பாவிடம் போனாள்.

இன்று பங்குனி உத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் திருக்கல்யாணம், தம்பிக்கு அங்கே பந்தோபஸ்து. அவன் யூனிபார்மோடு போய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் பையில் கட்டுக்கட்டாக எடுத்து வந்து என் மடியில் வைத்தான். கிருஷ்ணன்கோவில் ஊரில் பானு சேர நினைக்கும் காலேஜுக்குக் கட்டவேண்டிய பணம்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா."

"தெரியும்."

"பெட்டியத் தொறக்கக் கூடாதே."

"ஊருப் பொண்ணு ஒருத்தி கல்யாணமாகி வெளியூரு போனா. அவளுக்கு இன்னமும் வருஷா வருஷம் ஊரே கூடிச் செய்யிதாவ. நா எங்கக்காவுக்கு ஒண்ணுஞ் செய்யாம, அங்கன லத்தியப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கவா? பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி. ஜூலையில பானு பீசு கட்டணும், அதுக்குள்ள அனுப்பிரு."

மார்ச் 27 பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

ஆடிட்டர் தொகையைத் திருத்தி அனுப்பினார். பகல் ஒன்று இருபதுக்கு ஜெபக்குமார் பொத்தானை அழுத்தினார். வெளியே மேளச் சத்தம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வந்து சேர்ந்துவிட்டது. சரியாக நாற்பதாயிரம். பெறுபவர் பெற்றுக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய். வாட்டர்ஃபோர்ட்

சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடித்து முடித்தேன். என் சுவர். ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம்.

தம்பி போன் செய்தான். பானுவுக்கு இடம் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை பீஸ் கட்டக் கடைசி நாள் என்றான். பணத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கடைசி நாளை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அவன் பணத்தைத் திருப்பி அனுப்பும் பக்கம் கைபேசியில் திறந்துதான் இருந்தது. யூரோ நூறைத் தாண்டி, 100.60. நாளை 101 ஆகும் என்கிறார்கள். அப்படி ஆகிவிட்டால், திருப்ப வேண்டிய தொகையில் எனக்கு ஐந்து யூரோ மிச்சம்.

"இன்னிக்குச் செவ்வாய்டா," என்றேன். "செவ்வாக்கிழமை வீட்ட விட்டுப் பணம் போகக் கூடாதுல்ல."

அவன் குரல் மாறிவிட்டது.

"ஆமாக்கா. எனக்கே மறந்துட்டு பாரு. நீ அம்புட்டுத் தூரத்துல இருந்தும் மறக்கல. அய்யா இருந்திருந்தா..." மூக்கை உறிஞ்சினான். "அதுக்கென்ன, பைய, மெதுவாவே போடு. புதன்கெழமையே அனுப்பு."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு, யூரோ 101-ஐத் தொட்டால் மணி அடிக்கும்படி வைத்தேன்.