மூன்று மாதம் பொறுக்க முடியாது

ஜூன் 9
டெஸ்டில் இரண்டு கோடு! இர்ஃபான் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினான். "உம்மாகிட்ட மட்டும் சொல்லுவோம். வேற யாருக்கும் வேணாம்."

ஜூன் 10
மாமியாரின் தீர்ப்பு: "மூணு மாசம் முடியட்டும் முனீரா, அப்புறம் டாக்டர்கிட்ட போலாம் லா. ஃபேரர் பார்க் கிளினிக்ல பாதிப் பேரு நம்ம ஆளுங்க. பக்கத்துலயே தையல்கடை பதுருன்னிசா வேற. கண்ணு பட்டுரும்."

போன தடவை பத்தாவது வாரத்தில் கலைந்தபோது, அடுத்த முறை தெரிந்தவுடன் வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னாரே. மாமியும் அங்கேதானே நின்றார்?

ஜூன் 12
"கொஞ்சம் பொறு, உம்மாகிட்ட பேசுறேன்" என்கிறான் இர்ஃபான். இவன் பேசுவதற்குள் பிள்ளை நடந்துவிடும். நானே போகிறேன்.

ஜூன் 13
கிளமெண்டியில் ஒரு கிளினிக். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் லைப்ரரி என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 20
லேசா ரத்தம் பட்டுச்சு. யா அல்லாஹ், இதையும் எடுத்துக்காதே. எம்ஆர்டி ரயில்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டே கிளமெண்டிக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்துல கிளினிக் இருக்கு, நான் ஏன் திருடி மாதிரி இவ்வளவு தூரம் போகணும்?

பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும் என்றார் டாக்டர்.

இரவுச் சாப்பாட்டில் போட்டு உடைத்தேன். "மாமி, நான் டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கேன். இனிமேலும் போவேன்." இர்ஃபான் தட்டையே பார்த்தான். மாமி எழுந்து போய்விட்டார்.

ஜூன் 23
மாமி இன்னும் பேசவில்லை. ஆனால் மீன் ஆணத்தில் நடுத்துண்டு என் தட்டுக்குத்தான் வருகிறது.

ஜூன் 27
நான் கிளம்பும்போது மாமியும் பையை எடுத்தார். முகத்தில் மாஸ்க். ரயிலில் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார் — நாங்கள் சேர்ந்து வரவில்லையாம்!

கிளமெண்டியில் இறங்கியதும்தான் வாய் திறந்தார். "போன தடவ லிஃப்ட்ல, கடையில, எல்லாரும் 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு கேட்டாங்க. அத்தன பேருக்கும் நான்தான்மா பதில் சொன்னேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கேட்டேன்: "அதுக்குப் பயந்து டாக்டர பாக்காம இருக்க முடியுமா, மாமி?"

ஸ்கேன் அறையில் இதயத்துடிப்பு கேட்டது. மாமி மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 11
இன்று ஃபேரர் பார்க் கிளினிக். மாமிதான் கூட்டிப்போனார், மாஸ்க் இல்லாமல், தையல்கடை வழியாகவே. பதுருன்னிசா வாசலுக்கே வந்துவிட்டார். "மாமியாரும் மருமகளும் எங்க கெளம்பிட்டீங்க?"

நான் மாமியைப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட" என்றார் மாமி. "முனீராவுக்கு ஒம்பது வாரம் ஆச்சு. துஆ செய்யி."