இன்னும் இல்லைங்க

மார்ச் 3, செவ்வாய்

இன்று வார்டில் ஒரு சின்னப் பெண்ணைத் திட்டிவிட்டேன். மூன்றாம் கட்டில். பிள்ளை வீல்வீலென்று கத்துகிறது, அவள் சுவரில் சாய்ந்து தூங்குகிறாள். "பெத்தவளுக்குக் காது கேக்காதா?" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அலறியடித்து எழுந்து பிள்ளையைத் தூக்கினாள்.

குழந்தைகள் வார்டில் பல வருஷமாக நர்ஸ். அழுகையைக் கேட்டே பசியா, வயிற்று வலியா, காது வலியா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை விமானம். வெளிநாட்டில் இருக்கும் அக்கா இன்னும் டமாரத்தை நேரில் பார்க்கவில்லை. டமாரம் என் மகள். ஒன்றரை வயது. பெயர் உபயம் அவள் அப்பா. அவள் அழுதால் கீழ்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

மார்ச் 5, வியாழன்

மூன்று பெட்டி. அதில் இரண்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒருத்திக்கு.

சீட் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. எனக்கு முன்பக்கம் ஜன்னலோரம், டமாரத்தின் அப்பாவுக்கு எங்கேயோ பின்னால். சாப்பாடு வரும்வரை பிள்ளை அவரிடம், அதன்பிறகு இறங்கும்வரை என்னிடம் என்று பேசிக்கொண்டோம். "எழுதிக் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார். சிரித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு. அக்கா வீடு

எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நேற்றுக் காலை பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் அதிகாரி படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் அவள் கைக்குழந்தை, தலையில் ஒரு முடி இல்லை. "இது இவதானா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "என் பொண்ணு சார். நான் பெத்தது எனக்குத் தெரியாதா?" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கை இரண்டும் காலியாக இருந்தது. அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பல் முளைக்கிற பிள்ளை, நடுவில் நைட் டியூட்டி — சரி, சாக்கு வேண்டாம். சாப்பாடு வந்தது. சூடாகச் சாப்பிட்டேன். தட்டை எடுத்துப் போனார்கள். இனி என் முறை. பின்னாலிருந்து டமாரம் ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தேன். சத்தியமாக ஒரு நிமிஷம்தான்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வரிசைக்கு வந்தார். பவுடர் வாசனை வந்தது. நின்றார். நான் மூச்சை ஒரே சீராக விட்டேன். ஐ.சி.யூ.வில் எத்தனை பேர் மூச்சைப் பார்த்தவள், நடிக்கத் தெரியாதா? அவர் திரும்பிப் போய்விட்டார்.

அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர். நான் கண் திறந்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். "பாவம், அந்த மனுஷன் அப்பலேருந்து நடக்கிறார். பெத்தவளுக்குக் காது கேக்காதா?"

என் வாக்கியம். அப்படியே என் வாக்கியம்.

"உங்களுக்குக் குழந்தை இருக்காம்மா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த 'இன்னும்'? அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதே. காலாகாலத்துல எல்லாம் நடக்கும். உனக்காக வேண்டிக்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே, பாவி!

அதற்கப்புறம் எப்படி எழுந்து போவது? விமானம் இறங்க ஆரம்பித்ததும் அழுகை மாறியது. எனக்குத் தெரியாதா அந்த அழுகை? காது அடைத்து வலிக்கிற அழுகை. எதையாவது சப்பக் கொடுத்தால் அடங்கிவிடும். பால் பாட்டில் வைத்த பை என் காலடியில் இருந்தது. சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. எழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரை தொடும்வரை அவள் கத்தினாள். அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

பெட்டி வருகிற இடத்தில் டமாரம் அவர் இடுப்பிலிருந்து என்னிடம் தாவினாள். "ம்மா." அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். என் வீட்டுக்காரரிடம் வந்து, "ஒத்த ஆளா சமாளிச்சீங்களே தம்பி" என்றார்.

"ஒத்த ஆளா? இவதாங்க இதுக்கு அம்மா" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

"தெரியுது" என்றார் அந்த அம்மா. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. காதைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. "டமாரம்னீங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கா" என்று அக்கா கொஞ்சுகிறாள். அவள் 'ம்மா' என்று காற்றாகக் கூப்பிடும்போதெல்லாம் வெந்நீர் ஆற்றப் போய்விடுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

பிள்ளையை யார் கையிலும் கொடுக்காமல் நானே வைத்திருக்கிறேன். பாத்ரூமுக்குப் போனால்கூடக் கதவைத் திறந்து வைக்கிறேன். "உன் பொறுமை எனக்கு வராதுடி" என்கிறாள் அக்கா. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மாமியார் வீடியோவில் வந்தார். "ஃப்ளைட்ல ரொம்பப் படுத்தினாளா?" இவர் கண் இமைக்காமல் சொன்னார்: "இல்லம்மா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வெச்சிருந்தோம்."

ஏன் அப்படிச் சொன்னார்? நான் தூங்கியதாக நினைத்து விட்டுக்கொடுக்கிறாரா? எனக்குத் தகுதியில்லாத தயவு.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அக்கா வீட்டு பால்கனியில் பிள்ளைத் துணியை உலர்த்திக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு ஃப்ளைட்ல நான் தூங்கலைங்க."

"தெரியும்."

"எப்படி?"

"நீ தூங்கினா வாய் திறந்திருக்கும். ஈ போய்க் குடித்தனம் பண்ணலாம். அன்னைக்கு மூடியிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்போ ஏன் எழுப்பலை?"

"தூங்கறவளை எழுப்பலாம். தூங்கற மாதிரி நடிக்கறவளை யார் எழுப்ப முடியும்?" ஒரு சின்ன கவுனை உதறிக் கொடியில் போட்டார். "எனக்குக் கோபம்தான். அப்புறம் உன் கண்ணுக்குக் கீழ இருக்கற கறுப்பைப் பாத்தேன். போனாப் போகுதுன்னு திரும்பிட்டேன். அந்தப் பாட்டிலை மட்டும் கொடுத்திருக்கலாம் நீ."

பாட்டில் ஏன் கொடுக்க முடியாமல் போனது என்று அவருக்குத் தெரியாது. அந்த 'இன்னும் இல்லைங்க'வை நான் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்லி முழு மன்னிப்பு வாங்கிக்கொண்டேன். முன்னைவிட மோசம்.

மார்ச் 21, சனி. வீடு

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே வரிசை. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். "என் பொண்ணுதாங்க, மன்னிச்சுக்குங்க." டமாரம் ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் மடியில் தூங்கினாள். இறங்கும்போது பாட்டிலை வாயில் வைத்தேன், தூக்கத்திலேயே சப்பினாள். ஒரு ஈ காக்கை கேட்கவில்லை.

கேட்காததுதான் தாங்கவில்லை. விமானம் நின்று கதவு திறக்கக் காத்திருந்தபோது அவரிடம் மிச்சத்தையும் சொன்னேன். கண்ணாடிச் சங்கிலி அம்மா, கேள்வி, என் பதில், அந்த வேண்டுதல், எல்லாவற்றையும்.

"தூங்கின மாதிரி நடிச்சது ஒண்ணு" என்றார். "இது வேற."

பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

மார்ச் 23, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்றும் இல்லை. கேட்க எனக்கு வாயில்லை.

மார்ச் 26, வியாழன்

பேசினார். "டயப்பர் தீர்ந்துபோச்சு."

ஓடிப்போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

பூங்காவில் டமாரம் மணலை அள்ளி இன்னொரு பிள்ளையின் தலையில் போட்டுவிட்டாள். "யாரு வளர்த்த பிள்ளைங்க இது?" என்று அந்தத் தாய் கத்தினாள். "நான்தாங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன், வகுப்பில் வருகைப்பதிவுக்குச் சொல்வது போல. பெஞ்சிலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டு நாளுக்கப்புறம்.

மார்ச் 30, திங்கள்

வார்டு நிறைந்திருக்கிறது. ஏழாம் கட்டிலில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. வயிற்றில் காற்று, கேட்டதுமே தெரிந்தது. தாய் உட்கார்ந்தபடி தலை தொங்கியிருந்தாள். நான் கிட்டே போனதும் திடுக்கிட்டு எழுந்தாள். "தூங்கல சிஸ்டர், கண்ணைத்தான் மூடினேன்."

பிள்ளையைக் கையில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "படுங்க" என்றேன். நம்பாமல் பார்த்தாள். "நிஜமாத்தான். படுங்க."

தட்டிக்கொடுத்துக்கொண்டே ஜன்னல்வரை நடந்தேன். பார்க்க வந்திருந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். "இதைப் பெத்தவ எங்கே போனா?"

"தூங்குறாங்க" என்றேன். "நான் இருக்கேன்ல?"

ஏப்பம் வந்து பிள்ளை அடங்கியது. திரும்பி ஏழாம் கட்டிலைப் பார்த்தேன். அவள் வாய் நன்றாகத் திறந்திருந்தது.