துருத்தி இணைப்பில் விடுபட்ட எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு வருடம் வாய்மூடி இருந்தது போதும் என்று எழுதுகிறேன். நலமா? சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? தோஹாவில் நான் சுகம்.

தங்கை ரீனா கல்யாணப் பந்தியில், மல்லாங்கிணறு ஊரே கேட்க, "எம்மவன் எஞ்சினியருக்குப் படிச்சிட்டு அங்கன பைப்பு மாட்டுதான்" என்று சிரித்தீர்கள். நான் மறக்கவில்லை.

நான் குழாய் மாட்டுவதில்லை. சூட்டில் குழாய் எவ்வளவு நீளும், எதைத் தள்ளும் என்று கணினியில் கணக்கிடுகிறேன். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ள நடுவில் துருத்தி போல மடிப்புள்ள இணைப்பு ஒன்று வரும். அதன் விட்டத்தைக் கொடுக்க மறந்தால், குழாயின் உள்ளழுத்தம் அதைப் பிடித்திருக்கும் தாங்கியைத் தள்ளும் விசையை மென்பொருள் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது.

போன வாரம் பிரபாகரன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். ஏழாயிரம்பண்ணைக்காரன், என்னைவிட இளையவன், எனக்கு வரவேண்டிய மேலதிகாரி நாற்காலியில் இருப்பவன். எடுத்துக்காட்டினேன். "நல்லவேளை பாத்தீக அண்ணாச்சி! ராக்கெட்டு வெடி மாதிரில்லா கிளம்பியிருக்கும்!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்று வயிறாரச் சாப்பிட்டேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, குழாய் இன்னும் கட்டப்படவே இல்லை.

விருதுநகர் மிளகாய் வத்தல் கால் கிலோ அனுப்புங்கள். ஒரு ஆளுக்கு அது போதும். ரீனா குழந்தையின் படமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது என்னை விசாரித்தால், என் வேலையை மேலே எழுதியபடி சொல்லுங்கள்.

தபாலாபீஸ் மூடப்போகிறது. கீழே 'அன்பு மகன்' என்று எழுதிப் பெயர் போட வேண்டும். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பொய் எழுத மனமில்லை. பெயர் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.