ஷக்ராவின் குடல், ருவைதாவின் குடல்

3 மார்ச் 2014, துலைல்

எங்கள் பசு ஷக்ரா தின்பதில் குறையில்லை. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. தண்ணீராகக் கழிகிறாள். காய்ச்சல் இல்லை. "கண்ணு பட்டிருக்கு" என்று என் கணவர் அவ்தா அவள் கழுத்தில் நீலமணி கட்டியிருக்கிறார். கறவை நின்றுவிட்டால் பிழைப்பு என்ன ஆவது?

11 மார்ச்

தாடைக்குக் கீழே கொழகொழவென்று வீக்கம். மாட்டு டாக்டர் ஹைதம் ரத்தமும் சாணமும் எடுத்துப் போனார்.

19 மார்ச்

ஹைதம் முடிவோடு வந்தார். மருந்தே இல்லையாம். குடல் தடித்துப்போகிற நோய். கன்றாக இருக்கும்போதே பாலிலும் சாணத்திலும் கிருமி உள்ளே போய், வருஷக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகுதான் காட்டுமாம். "நல்லா இருக்கிற மாடுங்களுக்கும் இருக்கலாம். பச்சைப் பாலை இனிமே யாரும் குடிக்காதீங்க" என்றார்.

டீ கொண்டுவந்த என் மகள் ருவைதா அப்படியே நின்றாள். போன வருஷம்தான் அம்மான் நகர ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குரோன் நோய் என்றார்கள். "எனக்கும் குடல் தடிச்சிருக்குன்னுதானே சொன்னாங்க, டாக்டர்? நானும் தின்னுட்டே மெலியுறேனே?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "சம்பந்தம் இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. இல்லைன்னும் சொல்றாங்க. யாருக்கும் உறுதியா தெரியாதும்மா."

20 மார்ச்

ருவைதா மெலிகிறாளே என்று கறந்த சூட்டோடு கூடுதலாக ஒரு குவளை பச்சைப் பால் கொடுத்தது யார்? நான்தானே.

27 மார்ச்

கொழுந்தன் துர்கி நம் கிடாரிகளை விலைக்குக் கேட்டு வந்தார். புதுக் கொட்டில் போட்டிருக்கிறாராம். அவர் மனைவி மாசமாக இருக்கிறாள்; பிறக்கும் பிள்ளைக்கும் இந்தப் பால்தான். "வாயைத் தெறக்காத" என்று அவ்தா காலையிலேயே எச்சரித்திருந்தார்.

காபியை வைத்துவிட்டுச் சொன்னேன். "வேணாம் துர்கி. ஷக்ராவுக்குத் தீராத நோய். இதுங்களுக்கும் இருக்கலாம்."

துர்கி அவ்தா பக்கம் திரும்பினார். "ஏண்ணே, கூடப்பொறந்தவன் தலையிலயா கட்டப் பார்த்தே?"

காபியைத் தொடாமலே எழுந்து போனார்; எங்கள் பக்கம் அது பெரிய அவமானம். இதைவிட அவ்தாவை அவர் அறைந்திருக்கலாம்.

2 ஏப்ரல்

பால் வண்டி நம் வாசலில் நிற்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. அவ்தா என்னோடு பேசுவதில்லை.

16 ஏப்ரல்

ஷக்ரா எழவே முடியாமல் செத்தாள். மற்ற மாடுகளின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. பாதிக்கு மேல் நோய். எல்லாவற்றையும் அறுப்புக்கு ஏற்றினார்கள். கன்றுகள் லாரிக்குள்ளிருந்து கத்தின. அவ்தா சுவரைப் பார்த்து நின்றார்.

8 மே, அம்மான்

ருவைதாவுக்கு அடைப்பு. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கேட்டேவிட்டேன், இது மாட்டிலிருந்து வந்ததா என்று. "அதை நெனச்சு ஒங்களையே கொன்னுக்காதீங்க, ஒண்ணும் நிரூபணமாகலை" என்றார் பெரிய டாக்டர். அப்போ இல்லை என்றாவது சொல்லுங்களேன்!

30 மே, துலைல்

அவ்தா இப்போது ஒரு தீவன மில்லில் லாரி ஓட்டுகிறார். திரும்பி வரும்போது கடையிலிருந்து பாக்கெட் பால் வாங்கி வந்தார். வாங்கின பால் இதுவரை இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. அடுப்பில் வைத்துப் பக்கத்திலேயே நின்றார். பொங்கியது, தணித்தார், மறுபடி பொங்கவிட்டார்.

"யப்பா, கடைப் பாலை எதுக்கு இவ்வளவு காய்ச்சுறீங்க?" என்று படுக்கையிலிருந்து ருவைதா கேட்டாள்.

அவளுக்கு அரைக் குவளை ஆற்றிக் கொடுத்தார். பிறகு பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"ஒனக்கும் ஊத்தவா?"