யார் யாருக்குத் துணை

இன்று காலை கேரேஜில் ஒரு பழைய காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கூலன்ட்டின் தித்திப்பு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. “ஜிலேபிக் கடையில யாரோ பெட்ரோலைக் கொட்டிட்ட மாதிரி இருக்குடி” என்று பயிற்சி மையத்தில் முதல் வாரமே நீ சொன்னாய். அது நினைவுக்கு வந்து, சிரிப்பும் வந்து, சிரித்தபடியே திரும்பி முன்பக்கத்துக் கண்ணாடி அறையைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. போன மழைக்காலத்திலேயே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நீ இருந்தபோதும் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொன்னாய். எல்லாப் பதிலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே தெளியும். நாம் இருவரும் பெங்களூர் கோரமங்களாவில் அந்தத் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ஈஜிபுராவிலிருந்து நடந்து வருவேன். நீ அடுகோடியிலிருந்து பஸ்ஸில் வருவாய். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாய். கார் ரிப்பேர் பயிற்சி, பெண்களும் சேரலாம், முடித்தால் வேலை என்று அதில் போட்டிருந்தது.

“எனக்கு இதுல சேரணும்டி. எங்கம்மா தனியா விடமாட்டாங்க. நீ வந்தா விடுவாங்க.”

“எனக்கு சைக்கிள் செயின் மாட்டவே தெரியாது.”

“யாருக்குத்தான் தெரியும்? துணைக்கு வா. பிடிக்கலன்னா நின்னுக்கோ.”

எனக்கு அதில் எந்த விருப்பமும் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் தள்ளிப்போனால் நல்லது என்பது மட்டும்தான் என் கணக்கு. உனக்குத் துணையாக வந்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயிற்சி மையம் முன்பு ஏதோ குடோனாக இருந்த கட்டடம். தகரக் கூரை. நடுவில் கியர்பாக்ஸ்களும் எஞ்சின்களும் இரும்பு மேசைகளின்மேல் வரிசையாக இருக்கும். எல்லாரும் ஆண்கள், நாம் இருவர் மட்டும் பெண்கள். பயிற்சி கொடுத்த சார் முதல் நாள் உன்னைப் பார்த்து, “யாக்கம்மா பந்தே இல்லிகே?” என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் இங்கே வந்தாய் என்று. மத்தியானம் சாப்பாடு போடுவதாகச் சொன்னார்கள், அதற்காக வந்தேன் என்று நீயும் கன்னடத்திலேயே சொன்னாய். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அதே கேள்விக்கு, அண்ணன் தன் பைக்கைத் தொட விடுவதில்லை, அந்தக் கோபத்தில் வந்தேன் என்றாய். இன்னொரு நாள், கனவில் மாதா வந்து சொன்னாள் என்றாய். சாரும் கேட்பதை விட்டுவிட்டார்.

உன் கை வேகம் யாருக்கும் வராது. கியர்பாக்ஸைப் பிரித்து மறுபடி கோக்கும் பரீட்சையில் மற்றவர்கள் பாதிகூட முடிக்காதபோது நீ கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பையன்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு அப்படியில்லை. போல்ட் கழன்று விழுந்தால் அது உருண்ட பக்கமெல்லாம் தேடுவேன். எண்ணெய்க் கையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட அருவருப்பாக இருக்கும்.

பிறகு அந்த எஞ்சின் வந்தது. நாம் இருவரும் சேர்ந்து முழுதாகப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டியது. கடைசியில் சார் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். முதலில் இருமியது. நின்றது. மறுபடி திருப்பினேன். ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மேசை அதிர்ந்தது, என் முழங்கை அதிர்ந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. வெட்கப்பட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பயிற்சி முடிந்ததும் இருவருக்கும் ஒரே கேரேஜில் இடம் கிடைத்தது. முதலாளி பாய் நல்லவர். ஆனால் கஸ்டமரிடம் பேச ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். நீ தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் பேசுவாய். “ரெண்டு நாள் கவுண்டர்ல உக்காரும்மா, ஆள் கிடைச்சதும் உள்ள போ” என்றார். நீ கண்ணாடி அறைக்குப் போனாய். நான் காருக்கு அடியில் போனேன். வேறு ஆளும் கிடைக்கவில்லை, அந்த இரண்டு நாளும் முடியவில்லை.

எனக்கு அது உறுத்தியது. கவுண்டரில் உட்கார ஆசைப்பட்டவள் நான். காருக்கு அடியில் போக ஆசைப்பட்டவள் நீ. இடம் மாறிக் கிடக்கிறதே என்று நானே பாயிடம் போய்ச் சொன்னேன். “எனக்கும் இங்கிலீஷ் கொஞ்சம் வரும் பாய். அவளை உள்ள விடுங்க, நான் கவுண்டரைப் பாத்துக்கறேன்.” அவரும் சரி, அவளையும் கேட்டுவிடுகிறேன் என்றார். மறுநாள் உன்னிடம் சந்தோஷமாக வந்து நின்றேன்.

“வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றாய்.

“ஏண்டி?”

“ஃபேன் இருக்கு இங்க.”

எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மறுபடி கேட்டேன். இங்கிலீஷ் பேசினால் வாயில் துரு ஏறாது என்றாய். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டபோது, லிஃப்டில் கார் மேலே ஏறினால் தலையில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாய். அந்த லிஃப்டுக்கு அடியில் பயிற்சிக் காலத்தில் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றவள் நீ. உன் கல்யாணம் முடிந்து ஆனேக்கல் போன பிறகு, பஸ்ஸில் அவ்வளவு தூரம் வருகிறேன், குனிந்து நிமிர முடியவில்லை என்றாய். எந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. எதையும் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

ஒரு தடவை ஒருவர் புதிய காரை எடுத்துக்கொண்டு வந்தார். பிரேக் சத்தம். நான் சக்கரத்தைக் கழற்றப் போனதும் அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கத்தினார். “லேடீஸ் கையில குடுக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்? ஜென்ட்ஸ் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.” பாய் அன்று ஊரில் இல்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. அவருடைய கார்ச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாய்.

“சார், இங்க பிரேக் வேலை அவங்கதான் செய்வாங்க. என் வீட்டுக்காரர் வண்டியையும் அவங்ககிட்டதான் குடுக்கறேன். நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாருங்க. கோவிச்சுக்க மாட்டோம்.”

அவர் சாவியை எடுக்கவில்லை. வெளியே போய் நின்று போன் பேசினார். நான் வேலையை முடித்தேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் பில்லைக் கட்டிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது நேராக என்னிடமே வந்தார். அன்று நான் உனக்கு நன்றி சொல்ல வந்தேன். நீ அதற்குள் போனில் வேறு ஒருவரோடு கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க விட்டார்கள். நீ கையைத் தூக்கி ஏதோ சைகை செய்தாய். போய் வேலையைப் பார் என்றா, உள்ளே வா என்றா என்று எனக்குப் புரியவில்லை. அதுதான் கடைசி.

ஆனேக்கல் சர்ச்சில் உனக்காக வைத்த நினைவுப் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து உன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாவது இந்த வேலையில நல்லா இருக்கியே கலா. உனக்குத் துணைக்குத்தான அவ அங்க சேந்தா.”

“இல்லம்மா, நான்தான் அவளுக்குத் துணைக்குப் போனேன். நீங்க தனியா விடமாட்டீங்கன்னு சொன்னா.”

“நானா? நான் எதுக்குத் தடுக்கறேன்? கடைக்குத் தனியாத்தான வந்துட்டிருந்தா. ‘கலாவுக்கு இதுல ரொம்ப ஆசைம்மா, ஆனா பயப்படறா, நான் போகலன்னா அவளும் போகமாட்டா, அவளைக் கட்டிக் குடுத்துடுவாங்க’ன்னு என்கிட்ட நின்னு கெஞ்சினாளே.”

எனக்கு ஆசை என்று நான் யாரிடம் சொன்னேன்? அம்மாவிடம் அனுமதி வாங்க நீ சொன்ன பொய்யா அது? அவர்தான் தடுக்கவே இல்லை என்கிறாரே, பிறகு எதற்குப் பொய்? இல்லை, எனக்கே தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருந்ததா?

அப்படியானால் உனக்கு அதில் விருப்பமே இல்லையோ, எனக்காக வந்து, எனக்கு வேலை கிடைத்ததும் ஒதுங்கிக்கொண்டாயோ என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் உன் வீட்டுக்காரர் கெடுத்தார். காபி கொண்டுவந்து வைத்தவர் வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினார்.

“இதை இனிமே யார் பாப்பாங்கன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை ஆனா பிரிச்சுப் போட்டுடுவா. கோயிலுக்குப் போய்ட்டு வந்த புடவையோடவே உக்காந்துடுவா. பக்கத்துத் தெரு வண்டியெல்லாம் வரும். சமையல் நான்தான்.”

அவ்வளவு விருப்பம் இருந்ததா உனக்கு? இருந்தும் தினமும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் வேலைக்குப் பில் போட்டாயா? திரும்பி வரும் பஸ்ஸில் உன்மேல் எனக்குக் கோபமா, பாசமா என்று பிரிக்க முடியவில்லை. யாராவது இப்படிச் செய்வார்களா? செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பார்களா? நான் கேட்டேனா அந்த இடத்தை?

இன்று மத்தியானம் பாய் என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளாக எனக்கு முட்டி வலி. அவருக்குத் தெரியும்.

“கலா, எத்தனை நாள் குனிஞ்சு நிமிருவே? கவுண்டர்ல உக்காரு. கஸ்டமருங்க உன்னை நம்பறாங்க. உள்ள வேலைக்கு வேற ஆளை எடுத்துக்கறேன்.”

ஒரு காலத்தில் நானே போய்க் கேட்ட இடம். இப்போது தானாக வருகிறது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம் பாய்” என்றேன்.

“ஏன்?”

ஒரு காரணம் தேடினேன். முட்டியை நினைத்தால் சரி என்றுதான் சொல்ல வேண்டும். உன் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை என்று சொல்லலாம், ஆனால் அதுவும் முழு உண்மையில்லை. “தெரியல பாய்” என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

“அரே, அவளும் அன்னைக்கு இப்படித்தான் நின்னா” என்றார். “கலா இடம் மாத்திக்கறேன்னு சொல்றா, உனக்கு சம்மதமான்னு கேட்டேன். நீ அப்ப அந்த வெள்ளைக் கார் அடியில படுத்திருந்தே. உன் கால் மட்டும் வெளியே தெரிஞ்சுது. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு நின்னா. அப்புறம் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போய்ட்டா. வாயே தொறக்கல.”

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நீ. நீ வாயடைத்து நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பாய் பார்த்திருக்கிறார். ஒருவேளை உனக்கும் தெரியவில்லையோ? என்னிடம் சொன்னதெல்லாம் நீயே தேடிப் பார்த்த காரணங்களோ? இதுவும் சரிதானா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன். சக்கரம் வைத்த பலகையில் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தேன். இத்தனை வருடத்தில் இல்லாத ஒன்று இன்று. வெளியே நீட்டியிருந்த என் பாதங்கள் கூசின, யாரோ நின்று பார்ப்பதுபோல. காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.